சீவி வைத்த கிழங்கு

குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டப்போன மூக்கம்மாளின் மணிக்கட்டைச் சுகந்தி எட்டிப் பிடித்தாள். தண்ணீர் அலம்பி இரண்டு பேர் காலிலும் கொட்டியது.

“அதக் கொட்டாதீக அத்தே.”

“விடு புள்ள. இழவு வீட்டுல தண்ணி தேக்கி வைக்கக் கூடாது.”

“எடுத்த பெறகுதான கொட்டுவாக? அம்மா இன்னும் இங்கனதான இருக்கு?”

மூக்கம்மாள் பிடியைத் தளர்த்தினாள். சுகந்தியின் அப்பாவுக்கு அக்கா. உடம்பு வந்து இறங்கியதிலிருந்து அவள் உட்காரவில்லை. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் காசு ஒட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி, எல்லாம் அவள்தான். சடங்கில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“இதுல என்னத்தடி இருக்கு, இந்தப் பிடி பிடிக்கிற?”

“கெழங்கு.”

வட்ட வட்டமாகச் சீவிய உருளைக்கிழங்கு. வளையல் கனம்கூட இருக்காது. தண்ணீர் கொஞ்சம் வெளுத்திருந்தது. விடிவதற்கு முன்னால் அம்மா முத்துத்தாய் தன் கையால் சீவி, தண்ணீரில் போட்டு, ஒரு தடவை தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டி போய், அங்கிருந்து பஸ்ஸில் அருப்புக்கோட்டை. டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் புருசனும் பெண்டாட்டியும் அப்படித்தான் போவார்கள், மத்தியானம் அப்படித்தான் திரும்புவார்கள். இன்றைக்கு ரத்தம் பாதி சுத்தமாகிக்கொண்டிருந்தபோது பிரஷர் இறங்கியது. பிறகு ஏறவில்லை. மதுரையில் வேலையில் இருந்த சுகந்தி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தபோது, வாசலில் சாமியானா போட்டு, உள்ளே ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

குண்டானை வாங்கிக்கொண்டு போய்ச் சமையற்கட்டு மூலையில் வைத்தாள். பழைய தண்ணீரை வடித்துவிட்டு, குடத்திலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் தண்ணீர். அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்து ஊற்றியிருக்க வேண்டியது.

“அழுகாமக் கெழங்கு கழுவிக்கிட்டு இருக்கா பாரு” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. “படிச்ச புள்ளைக்குக் கண்ணீரு வராதோ என்னமோ.”

மூன்று வருசமாக அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது ஒரு நாளாவது கூடப் போய் உட்கார்ந்திருப்பாளா இவள்? சுகந்தி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிட்னி போனவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆகாது. ரொம்ப ஆசைப்பட்டால் மெல்லிசாகச் சீவி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்து, டயாலிசிஸ் அன்றைக்கு ஒரு கை தின்னலாம் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்கிற அம்மா சொல்லியிருந்தார். நெஞ்சும் பழுது, எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். அதற்காகத்தான் சுகந்தி முதல் சம்பளத்தில் ஏர் ஃப்ரையர் வாங்கி வந்தாள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஏர் ஃப்ரையர். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சமையற்கட்டு தகரக் கொட்டகை, அங்கே வயர் தாங்காது. அப்பா பால்ச்சாமி ஆள் பிடித்து வந்து முன்னறைச் சுவரில் பெரிய பிளக் வைத்தார். அந்தத் தெருவில் பெரிய பிளக் உள்ள ஒரே வீடு. முன்னறையில் ஸ்டூல் மேல், டிவி இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருந்தது, கவிழ்த்த கருப்புப் பானை மாதிரி.

முதல் நாள் வறுத்தபோது சீவல்கள் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிப் புகைந்தன. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அடுத்த தடவை இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து மேலே வைத்தாள். ஓட்டை வழியாகக் காற்று போனது, கிழங்கு பறக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும், துணியில் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும், பாதியில் இழுத்து ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். எல்லாம் அவளே கண்டுபிடித்தது. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவளுக்கு எழுந்து நிற்கத் தெம்பிருக்காது. அப்பாதான் போட வேண்டும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. திருகில் எதுவரை திருப்ப வேண்டுமோ அந்த இடத்தில் சுகந்தி நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் மதுரையில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போன் வரும். அப்பா போனை அம்மாவின் வாயோரம் பிடித்துக்கொள்வார். வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. முதலில் ஒரு கருக். பிறகு அம்மாவின் குரல்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா.”

“சத்தம் வரணும்டி. சத்தம் வராத கெழங்கு என்ன கெழங்கு?”

இப்போது அந்தப் பெரிய பிளக்கில் ஐஸ் பெட்டியின் வயர் செருகியிருந்தது. ஏர் ஃப்ரையரைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

உடம்பை எடுக்க முடியாது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து சார்த்தினால்தான் எடுக்கலாம். தாய்மாமன் காசிராஜன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். திருமங்கலம் தாண்டிவிட்டான் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் திருமங்கலமே வரவில்லை என்றார்கள். வெளியே ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாமியானாவைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

“எண்ணெயே இல்லாம வறுக்குமாம்லே அந்த மிசினு.”

“பெறகு எதுல வறுக்குமாம்?”

“காத்துலயாம்.”

“நம்மூருக் காத்துக்கு மிசினு வேறயா? கெழங்கச் சீவி மொட்ட வெயில்ல காட்டு, தானா வறுபட்டுரும்.”

அடக்கிச் சிரித்தார்கள். சுகந்திக்கு அதில் கோபம் வரவில்லை. அம்மா கேட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

கோபம் வந்தது சந்தனம்மாள் வந்தபோதுதான். பெரிய வீட்டம்மா. மாலையை ஓர் ஆள் தூக்கி வந்தான். அவர் படி ஏறவில்லை. சாமியானா ஓரத்தில், நிழல் முடிகிற இடத்தில் நின்றுகொண்டார்.

“நல்ல வேலைக்காரி” என்றார் பால்ச்சாமியைக் கூப்பிட்டு. “அவ பருத்தி எடுத்தா செடிக்கு நோகாது. இப்பிடிப் போவான்னு யாரு கண்டா?”

அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்தத் துண்டைப் பிடுங்கி அவர் தோளில் போட வேண்டும் போலிருந்தது சுகந்திக்கு. வெளியே வந்தாள்.

“உங்க மகன் மருதுபாண்டி கல்யாணத்துக்குக் கெழங்கு சீவுனது எங்கம்மாதான். நெனப்பு இருக்கா?”

“இல்லாமயா?” சந்தனம்மாளின் முகம் மலர்ந்தது. “ஒத்தக் கையா ஒரு மூட்டை சீவுனாளே! அன்னைக்கு வறுவலப் பத்திப் பேசாத ஆளு இல்ல.”

“ஆமா. கொல்லையில எங்களுக்குப் போட்ட பின்னாடிப் பந்திக்கு வரும்போது தீந்துபோச்சாம். முன்பந்தியில எல்லாரும் கடிக்கிற சத்தம் மட்டும் கொல்லை வரைக்கும் கேட்டுச்சாம்.”

“அப்பிடியா?” என்றார் சந்தனம்மாள். “கல்யாண வீட்ல எல்லாருக்கும் பாத்துப் பாத்துச் செய்ய முடியுமாத்தா?”

அவர் போன பிறகு மூக்கம்மாள் அருகில் வந்தாள். “சாவு வீட்டுக்கு வந்தவககிட்டச் சண்டை இழுக்காதடி.”

“அம்மா செத்தும் அவுகளுக்கு வேலைக்காரிதான். கேட்டீகளா?”

மூக்கம்மாளும் அந்தக் கல்யாணத்துக்குக் கிழங்கு சீவியவள்தான்.

சுகந்தி அங்கிருந்து நேராக ஐஸ் பெட்டி வண்டிக்குப் போனாள். அதைக் கொண்டுவந்த மதன்குமார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, பெட்டிப் பிளக்கக் கொஞ்ச நேரம் கழட்டுனா என்னாகும்?”

“எதுக்குத் தங்கச்சி?”

“சும்மா கேக்கேன்.”

“மூடியத் தெறக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது. அரை மணி நேரம் குளிரு நிக்கும்.”

அவளுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஏர் ஃப்ரையரை இழுத்தாள். ஸ்டூலைக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் போட்டு, அதன் மேல் தூக்கி வைத்தாள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக நிறுத்தினார்கள்.

“ஏ புள்ள, என்ன செய்ற?” மூக்கம்மாள் ஓடி வந்தாள்.

“வறுக்கப் போறேன்.”

“இழவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுடி!”

“இதுல எங்க தீ எரியிது?”

“சூடாகுதுல்ல? வேகுதுல்ல? அப்ப அது அடுப்புதான்.”

“அம்மா வாயில ஒரு துண்டு வச்சு அனுப்பணும் அத்தே. கருக்குன்னு இருக்கணும். ஊர்ல உள்ளவுகள்லாம் வாயில அரிசி போடலாம், நா அது ஆசைப்பட்டு சீவி வச்சதுல ஒண்ணு வைக்கக் கூடாதா?”

“பெட்டி நின்னுபோனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? காசி இன்னும் வந்து முகம் பாக்கல.”

“நிக்கும். கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“படிக்க வச்சா இப்பிடித்தான்” என்றாள் முதலில் பேசிய அதே பெண். “பெத்தவ பொணத்துக்குப் பக்கத்துல சமையல்.”

“நீங்க வாய மூடுங்க!” சுகந்தியின் சத்தத்தில் வெளியே ஆண்கள் எழுந்தார்கள்.

மூக்கம்மாள் அவள் இரண்டு தோளையும் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “சரி, கேளு. பக்கத்துல பிச்சையம்மா வீட்டுல எண்ணெச் சட்டி வைக்கச் சொல்றேன். நானே போயி நாலு துண்டு பொரிச்சு எடுத்துட்டு வாரேன். கருக்கு முருக்குன்னு இருக்கும். ஒங்கம்மா வாயில வச்சு அனுப்பு. போதுமா?”

“எண்ணெ அம்மாவுக்கு ஆகாது.”

ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மூக்கம்மாளின் கைகள் சுகந்தியின் தோளிலிருந்து மெல்ல இறங்கின.

சுகந்தி குனிந்து பிளக்கைப் பிடித்தாள்.

“எடுக்காத ஆத்தா.”

அப்பா. உடம்பு வந்ததிலிருந்து தலைமாட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர். சந்தனம்மாளுக்காக எழுந்து போனதைத் தவிர அசையவில்லை.

“கொஞ்ச நேரந்தாம்ப்பா. ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“கெடும்னு சொல்லல.” அவர் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே பனி படிந்து முத்துத்தாயின் கன்னம் மங்கலாகத் தெரிந்தது. “அவளுக்கு வெக்கை ஆகாது.”

இந்தக் கோடையில் அம்மா கட்டிலில் படுக்கவே இல்லை. உடம்பெல்லாம் அரிக்கும். அப்பா துண்டை நனைத்துத் தரையில் விரிப்பார், அதன் மேல் படுப்பாள். கரண்டு போனால் முறத்தை எடுத்து வீசுவார். அவர் கண்ணயர்ந்து கை நின்றுவிட்டால் அம்மா கூப்பிட மாட்டாள், சும்மா கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். இதெல்லாம் சுகந்தி லீவுக்கு வந்தபோது பார்த்தது.

அவள் பிளக்கை விட்டுவிட்டாள்.

காசிராஜன் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனையிலிருந்தே “ஏ தாயீ” என்று அலறிக்கொண்டு வந்து பெட்டி மேல் விழுந்தான். கோடிச் சேலை பச்சை நிறம், பெரிய கரை. அம்மா உயிரோடு இருந்தபோது அப்படி ஒன்று அவன் எடுத்துக் கொடுத்ததில்லை. அழுகை அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“கடைசியா என்ன மச்சான் சாப்பிட்டுச்சு?”

“ரெண்டு இட்லி” என்றார் பால்ச்சாமி.

“கெழங்கு வறுத்துத் திங்கணும்னு சீவி வச்சிட்டுப் போச்சு” என்றாள் சுகந்தி.

காசிராஜன் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

பெட்டியைத் திறந்து உடம்பை வெளியே எடுத்துக் கோடி சார்த்தினார்கள். வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். சுகந்தியின் முறை வந்தது. விரல் பட்ட உதடு தகரம் போலக் குளிர்ந்திருந்தது. அரிசி உதட்டில் நிற்காமல் சரிந்து கழுத்து மஞ்சளில் ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தாள். “போதும்த்தா, அடுத்த ஆளு நிக்குது” என்று யாரோ விலக்கினார்கள்.

கொட்டுச் சத்தம் எழுந்தது. பெண்கள் முச்சந்தியோடு திரும்ப வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அவள் தோற்ற இரண்டாவது சண்டை அது. இதைச் சண்டை போடாமலே தோற்றாள். கருவேல மரங்களுக்கு நடுவே பச்சைச் சேலை போய் மறைகிற வரை நின்றுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். குடம், அண்டா, வாளி, எல்லாத் தண்ணீரும் தெருவில் கவிழ்ந்து ஓடியது. சுகந்தி உள்ளே போய்க் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கழுவி முடிக்கிற வரை தெருவில் நின்றாள். கைப்பிள்ளையை வைத்திருப்பவள் போல எடையை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மூக்கம்மாள் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்து குண்டானைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மதன்குமார் ஐஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். பெட்டி இருந்த இடத்தில், தலைமாடு இருந்த பக்கம் தரையில் ஒரு விளக்கு. சுவரில் பெரிய பிளக் காலியாக இருந்தது.

சுகந்தி அம்மாவின் துண்டைக் கொடியிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள். சீவல்களை வடித்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள், ஒற்றினாள். ஒரு துளி எண்ணெயைக் கையில் தடவிப் பிசிறினாள். அம்மாவுக்கு அவ்வளவுதான் அனுமதி. தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கினாள். இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்து உள்ளே தள்ளினாள். வயரைச் செருகினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஸ்டூல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கம்மாள் அந்தப் பக்கச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். குளித்த ஈரத்தோடு வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். காசிராஜன் வெளிநாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பால்ச்சாமி மட்டும் உள்ளே வந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விளக்கைக் கும்பிட்டார். பிறகு, அருப்புக்கோட்டை போய்த் திரும்புகிற நாட்களில் செய்வது போலவே நேராக ஸ்டூல் பக்கம் வந்து, குனிந்து, சிவப்புப் புள்ளி வரை திருகைத் திருப்பினார்.

மெஷின் இரையத் தொடங்கியது. பின்பக்கத்திலிருந்து வந்த காற்றில் விளக்குச் சுடர் படுத்து எழுந்தது. மூக்கம்மாள் எட்டிக் காலால் தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு நகர்ந்து வந்து விளக்குக்கும் மெஷினுக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். சுடர் நின்றது.

பாதியில் பால்ச்சாமி தட்டை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உள்ளே தள்ளினார்.

மணி அடித்தது. ஓரம் சிவந்து, நடு பொன்னாக, கொப்புளம் விட்டு நெளிந்து கிடந்தன. நன்றாக வந்திருந்தது. சுகந்தி நாலு எடுத்து விளக்கின் முன்னால் வைத்தாள். மிச்சத்தைத் தட்டோடு அப்பாவிடம் நீட்டினாள்.

“ஒரு வாய் போடுப்பா. டவுனுல குடிச்ச டீதான வயித்துல?”

அவர் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

ஹாஸ்டலில் போன் எடுக்கிற நேரம்தான். தன்னை அறியாமல் சுகந்தி தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

பால்ச்சாமி கடிக்கவில்லை. வாயை மூடியபடி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாக மேடிட்டிருந்தது. அது நமுத்து அடங்குகிற வரை அவர் பல்லோடு பல்லைச் சேர்க்கவில்லை.